மந்திரச் சாக்கும் விற்றவன் வாக்கும்

1820களில் இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் மார்க்கராக இருந்தவர் ஜாக் கார். மார்க்கர் என்றால் ஆட்டக் கணக்கைக் குறிப்பவர். ஆள் குறைந்தால் வந்தவர்களோடு தானும் நின்று ஆடுபவர். கூடத்தின் உரிமையாளர் பார்ட்லி, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பந்தை நடுவில் அடிக்காமல் பக்கவாட்டில் அடித்துப் பார்ப்பாராம். அப்படி அடிபட்ட பந்து சுழன்றுகொண்டே போய், எவரும் எதிர்பாராத கோணத்தில் திரும்பும். இதைப் பார்த்துப் பழகிக்கொண்ட கார், ஆட வந்த கனவான்களிடம் வேறொரு விளக்கம் சொன்னார்: சுழற்சி வருவது, அடிக்கும் கோலின் நுனியில் தேய்க்கத் தன்னிடம் இருக்கும் விசேஷமான சாக்கினால். ‘சுழற்றும் சாக்’ என்று பெயர் வைத்து, சிறு சிமிழில் போட்டு, சிமிழ் அரை கிரவுன் என்று விற்றார். அது ஒரு பவுனில் எட்டில் ஒரு பங்கு. ஒரு துண்டு சாக்குக்கு அது பகல்கொள்ளை. சிமிழுக்குள் இருந்தது எங்கும் கிடைக்கிற சாக்தான். பில்லியர்ட்ஸ் வரலாறு எழுதியவர்கள் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இது வேடிக்கையோடு முடிகிற விஷயமாகத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தச் சாக் வேலை செய்தது. பொய் சொல்லி விற்ற பொருள் சொன்ன பலனைத் தந்துவிட்டால், விற்றவன் செய்த குற்றம்தான் என்ன?

வேலை செய்தது என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுக் காலாட்படை கேப்டன் மிங்கோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பந்தை அடிக்கும் கோலான கியூவின் நுனியில் தோல் ‘டிப்’ ஒட்டும் வழக்கத்தைப் பரப்பினார். சிறையில் இருந்தபோது அவர் இதைக் கண்டுபிடித்ததாகவும், சோதனை முடியவில்லை என்று விடுதலையைத் தள்ளிவைக்கச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. நம்ப ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். தோல் டிப் வந்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. பந்தின் மையத்தைவிட்டு விலகி அடிக்க அடிக்க, நுனி வழுக்கும். டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். அதற்குள் உராய்வு பந்தைப் பிடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் ‘மிஸ்க்யூ’. நன்றாகச் சாக் தேய்த்த நுனியைக் கொண்டு மையத்திலிருந்து ஏறக்குறைய ஆரத்தில் பாதி தூரம் வரை விலகி அடிக்கலாம். பில்லியர்ட்ஸிலிருந்து கிளைத்த ஸ்நூக்கரில் இன்றைய பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர் என்பதால், அது சுமார் 13 மில்லிமீட்டர். சாக் இல்லாமல் அந்த எல்லை வெகுவாகக் குறுகிவிடும். ஆக, பாத் நகரத்துக் கனவான் சிமிழை வாங்கித் தேய்த்து, காரைப் போலவே ஓரத்தில் அடித்தபோது பந்து உண்மையிலேயே சுழன்றது. போலி மருந்து விற்றவன் கதையும் இதுவும் ஒன்றல்ல. போலி மருந்துக்காரன் விஷயத்தில் பொய்யும் தீங்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருவதால், தீர்ப்புச் சொல்வது எளிது. இங்கே தீங்கை உருவி எடுத்துவிட்டு, பொய்யை மட்டும் தனியாக மேஜைமேல் வைத்துப் பார்க்கிறோம்.

வணிகத்தைப் பற்றிச் சமயங்கள் பேசாமலில்லை. பௌத்தம் இல்லறத்தானுக்கு ஐந்து வாணிகங்களை விலக்கியது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. சமணத்தில் இல்லறத்தாருக்கு விலக்கான தொழில்கள் பதினைந்து. தந்த வாணிகம் அவற்றில் ஒன்று. ஆனால் இந்தப் பட்டியல்கள் எந்தப் பொருளை விற்கக்கூடாது என்று சொல்பவை. ஒரு துண்டு சாக்கோ, கியூவைத் தாங்கும் ஒரு புது மாதிரி ரெஸ்ட்டோ, கியூவின் அடியில் திருகிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷனோ இந்தப் பட்டியல்கள் எதிலும் மாட்டாது. குறளின் நடுவுநிலைமை அதிகாரம் வணிகருக்குச் சொல்வது, பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்பது. அளவிலும் விலையிலும் நேர்மை என்ற அளவில் அது காரைத் தொடும். விலை அதிகம் என்று கண்டிக்கலாம். விலையை அரை கிரவுனிலிருந்து அரைப் பென்னிக்கு இறக்கிவிட்டால் குற்றம் போய்விடுமா? போகாது என்றே நம் மனம் சொல்கிறது. அப்படியானால் குற்றம் விலையில் இல்லை.

புதுப்பொருள் விற்பவனுக்கும் பழம்பொருள் விற்பவனுக்கும் உள்ள வேறுபாட்டில் இதற்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அரிசி விற்பவனின் வாய்ச்சொல் நமக்கு அவசியமில்லை. அரிசி என்ன செய்யும் என்று ஊருக்கே தெரியும்; பழுதானதை வாங்கிவிட்டால் அன்று மாலையே சோறு சொல்லிவிடும். இதுவரை உலகில் இல்லாத ஒரு கருவியைக் கண்டுபிடித்துச் சந்தைக்குக் கொண்டுவருபவனின் நிலை வேறு. அது என்ன செய்யும், ஏன் செய்யும், எப்போது செய்யாது என்பது தெரிந்த ஒரே ஆள் அவன்தான். வாங்குபவனுக்கு முன்னோர் அனுபவமில்லை, அக்கம்பக்கத்தாரின் சான்று இல்லை. சைவ சித்தாந்த அளவை முறையில் சொன்னால் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் முதல் இரண்டும் அவனிடம் இன்னும் இல்லை. கடையில் நிற்கும்போது அவனிடம் இருப்பது உரை, அதாவது பிறர் சொல், ஒன்றுதான். எனவே புதுப்பொருளின் விற்பனை அடிப்படையில் ஒரு சாட்சியம். பொருளுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே வாங்குபவன் ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டுவிடுகிறான்.

அந்தச் சொல் எப்போது ஏற்கத்தக்கது? நியாய மரபு இதற்கு ஒரு கறாரான இலக்கணம் வகுத்தது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவனாகிய ஆப்தனுக்கு இரண்டு தகுதி சொல்கிறார்: பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் அவர் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த இடம். வேதத்தை நிலைநாட்டப் பயன்பட்ட அளவுகோலை ஒரு பில்லியர்ட்ஸ் மார்க்கர்மேல் வைத்துப் பார்ப்பது அபசாரமில்லை என்பதற்கு அந்த வரியே அனுமதி. ஜாக் காருக்கு முதல் தகுதி நிறைவாகவே இருந்தது. பார்ட்லியின் கையைப் பார்த்தவர். தானே அடித்துத் தேறியவர். சுழற்சி எங்கிருந்து வருகிறது என்று அந்த ஊரில் அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. இல்லாமல் போனது இரண்டாவது தகுதி. அதுவும் அவர் முழுப் பொய் சொல்லவில்லை, காரணங்களின் வரிசையை மாற்றிச் சொன்னார். பானைக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்தம் படித்தவர் அனைவருக்கும் மனப்பாடம். கார் குயவனைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சக்கரத்தை முன்னால் நிறுத்தினார். ஓரத்தில் அடிக்கும் கையையும், அதன் பின்னால் இருந்த பயிற்சியையும் மறைத்து, கையோடு சேர்ந்தால் மட்டுமே பயன் தரும் ஒரு துணைப்பொருளைச் செய்பவனாகக் காட்டினார். வாங்கியவர் இழந்தது அரை கிரவுன் மட்டுமல்ல. தன் ஆட்டம் தேறியதற்குக் காரணம் தன் கைதான் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் அவர் சேர்த்து இழந்தார். இன்றைக்கும் விளையாட்டுச் சாதன விளம்பரங்கள் பலவும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சிமிழ் மட்டும் மாறியிருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு நம் வீட்டிலேயே இருக்கிறது. குற்றமற்ற நன்மையைத் தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணப்படும் என்று வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரே இடம் கொடுக்கிறார். காரின் பொய்யால் யாருக்கு என்ன கேடு? கனவான்கள் நன்றாக ஆடினார்கள், மகிழ்ந்தார்கள்; ஆட்டமும் வளர்ந்தது. இந்த மறுப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் சலுகை எந்தச் சூழலுக்கு உரியது என்று பார்க்க வேண்டும். பரிமேலழகர் அங்கே காட்டுவது, கேட்டுக்கோ சாவுக்கோ அருகில் நிற்கும் ஓர் உயிர் அந்தப் பொய்யினால் தப்பிப் பிழைப்பதை. அந்த நிலையில் உண்மையைச் சொன்னால் நன்மை கைநழுவும். பொய் இல்லாமல் வேறு வழியில்லை. பாத் நகரத்தில் அப்படிப்பட்ட நெருக்கடி எதுவும் இல்லை. “ஓரத்தில் அடியுங்கள், வழுக்காமலிருக்க நுனியில் சாக் தேய்த்துக்கொள்ளுங்கள்” என்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் கனவான்களுக்கு அதே நன்மை கிடைத்திருக்கும், இன்னும் விரைவாகக்கூட. பொய்யினால் கூடுதலாக விளைந்தது ஒன்றே ஒன்று: காரின் வருமானம். கேட்பவனின் நன்மைக்காகச் சொன்ன பொய்க்குக் குறள் திறந்துவைத்த கதவு, சொல்பவனின் லாபத்துக்கான பொய்க்கும் திறக்கும் என்று வாதாடுவது அந்த அதிகாரம் முழுவதையும் கவிழ்த்துவிடும்.

இன்னொரு மறுப்பு ஆட்டக்காரர்களிடமிருந்து வரும். இது நரம்பின் ஆட்டம். கடைசிக் கறுப்புப் பந்துக்குக் குனியும்போது கை நடுங்காமலிருக்க எதையாவது நம்பித்தான் ஆக வேண்டும். தன் சாக் வழுக்காது என்று நம்புகிறவன் தயங்காமல் அடிக்கிறான், தயங்காமல் அடிப்பதாலேயே அடி சரியாக விழுகிறது. அப்படியானால் நம்பிக்கையும் சரக்கின் ஒரு பகுதிதானே, அதை விற்றால் என்ன? தாயத்து கட்டிக்கொண்டு தேர்வுக்குப் போகும் பிள்ளையை யாரும் ஏமாளி என்பதில்லையே. சரி, நம்பிக்கைக்குப் பலன் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறியாமையின்மேல் நிற்கும் நம்பிக்கைக்கும் அறிவின்மேல் நிற்கும் நம்பிக்கைக்கும் முதல் மிஸ்க்யூவிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். உராய்வைப் புரிந்துகொண்டவன், மையத்தைவிட்டு அதிகம் விலகிவிட்டோம் அல்லது நுனியில் சாக் போய்விட்டது என்று உடனே கண்டுகொள்கிறான். மந்திரத்தை நம்பியவனுக்கு இரண்டு வழிதான்: தன்னையே நொந்துகொள்வது, அல்லது இன்னொரு சிமிழ் வாங்குவது. இரண்டாவது வழி விற்பவனுக்கு வருமானம் என்பதால், வாங்குபவன் அறியாதவனாகவே இருப்பது அவனுக்கு லாபமாகிவிடுகிறது. தாயத்துக்கும் இதற்கும் இடைவெளி விழுவது இங்கேதான். ஆயுத பூஜையையும் இந்த வாதத்துக்கு இழுப்பார்கள். கருவிக்கு நிமித்தகாரணத்தின் மரியாதையைக் கொடுப்பதே நம் மரபல்லவா என்று. தறிக்கும் உளிக்கும் பொட்டு வைத்து ஒருநாள் ஓய்வு கொடுப்பவன், மறுநாள் காலையில் தறி தானாக நெய்யும் என்று காத்திருப்பதில்லை. துணைக்கு நன்றி சொல்வதும் துணையைக் கர்த்தா என்று சொல்வதும் வேறு வேறு என்று எந்தத் தொழிலாளிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரகசியத்தைச் சொல்லிவிட்டால் கண்டுபிடித்தவன் எதைத் தின்பான் என்பது அடுத்த கேள்வி, நியாயமான கேள்வி. இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல விடை இருக்கிறது, அதுவும் அதே சாக்கைப் பற்றி. அமெரிக்காவின் தொழில்முறை பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் வில்லியம் ஸ்பிங்க்ஸ், பிரான்சிலிருந்து கிடைத்த ஒரு துண்டு சாக் வழக்கமானதைவிட நன்றாகப் பிடிப்பதைக் கண்டார். “என்னிடம் ஓர் அபூர்வப் பொருள் இருக்கிறது” என்று சிமிழில் அடைக்காமல், சிகாகோவில் இருந்த வேதியியலாளர் வில்லியம் ஹாஸ்கின்ஸிடம் கொண்டுபோனார். இருவரும் சேர்ந்து ஆராய்ந்து, சிலிக்காவையும் குருந்தக்கல் தூளையும் கலந்து ஒரு புதுக் கட்டியை உருவாக்கி 1897-இல் காப்புரிமை பெற்றார்கள். காப்புரிமையின் நிபந்தனை, தொழில் தெரிந்த எவரும் படித்துவிட்டுச் செய்யக்கூடிய அளவுக்குச் செய்முறையை எழுதிவைக்க வேண்டும் என்பது. பதிலாக அன்றைய அமெரிக்கச் சட்டம் 17 ஆண்டுத் தனியுரிமை தந்தது. அவர்கள் இதைச் செய்தது சத்தியத்தின்மேல் கொண்ட பற்றினாலா, பணத்துக்காகவா என்று கேட்கலாம். பணத்துக்காகவே இருக்கட்டும். உள்நோக்கத்தை எடைபோடுவது கடவுளின் வேலை. உண்மையைச் சொன்னவனுக்கும் பிழைப்பு நடக்கும்படி ஓர் ஏற்பாடு செய்வது மனிதர்களால் ஆகிற வேலை. பசியையும் வாய்மையையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, பசித்தவனிடம் வாய்மையை எதிர்பார்க்கும் உபதேசங்களைவிட இந்த வறண்ட சட்டப்பிரிவு மேலானது என்பேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. யானைத் தந்தப் பந்துகளை ஒருவரும் ஒளித்து விற்கவில்லை. ஒரு தந்தத்தில் சில பந்துகள்தான் தேறும், அவற்றுக்கு ஒரு யானை சாக வேண்டும் என்பது அன்று ஊரறிந்த உண்மை, அறிந்துதான் வாங்கினார்கள். இந்த இடத்தில் சாட்சியத்தின் அறம் உதவாது, சமணரின் பட்டியல்தான் உதவும். 1863-இல் நியூயார்க்கின் ஃபெலன் அண்டு கோலண்டர் நிறுவனம் தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்ததற்குக் காரணம் யானையின்மேல் இரக்கம் என்று சொல்வதற்கில்லை. தந்தம் அருகி விலை ஏறிக்கொண்டிருந்தது. அந்த அறிவிப்பைப் பார்த்துக் களத்தில் இறங்கியவர்தான் செல்லுலாய்டைத் தந்த ஜான் வெஸ்லி ஹயாட். அவருடைய ஆரம்பகாலப் பந்துகளுக்கு மேற்பூச்சு கொலோடியன். அது ஏறக்குறைய வெடிப்பஞ்சின் மெல்லிய படலம். சுருட்டு நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். பலமாக மோதிக்கொண்டால் எப்போதாவது துப்பாக்கிக் கேப்பு போலப் ‘பட்’ என்று வெடிக்கும். கொலராடோவில் மதுக்கூடம் நடத்திய ஒருவர், வெடிப்பதைப் பற்றித் தனக்குப் பெரிய கவலையில்லை, ஆனால் சத்தம் கேட்டவுடன் கூடத்திலிருக்கும் அத்தனை பேரும் துப்பாக்கியை உருவிவிடுகிறார்கள் என்று கடிதம் எழுதினாராம். இந்தக் குறையை உலகத்துக்குச் சொன்னவர் ஹயாட்தான். 1914-இல் பெர்கின் பதக்கம் பெற்ற விழா உரையில். தன் சரக்குக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன கண்டுபிடிப்பாளர் என்று அவரைப் பாராட்டத் தோன்றுகிறது. பந்துகள் விற்பனைக்கு வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

இன்றைய ஸ்நூக்கரில் விஷயம் இன்னும் நுட்பமாகிவிட்டது. 1875-இல் ஜபல்பூரில் பிறந்து, 1880களில் உதகமண்டலத்து கிளப்பில் விதிகள் எழுதப்பட்டுத் தொங்கிய இந்த ஆட்டத்தில், புதுக் கருவிகளுக்கு ஒரு வாயிற்காவலும் வந்துவிட்டது: அடிக்கத் துணைசெய்யும் எக்ஸ்டென்ஷன், அடாப்டர் போன்றவை ஆட்ட நிர்வாக அமைப்பு ஏற்ற வடிவில்தான் இருக்க வேண்டும். பந்துகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஏதேனும் ஒரு பொருளை வைத்து அளந்தால் அதுவே ஃபவுல். அதாவது கையின் வேலைக்குத் துணை நிற்கலாம், கண்ணின் தீர்ப்பைப் பறிக்கக்கூடாது. துணைக்காரணம் எங்கே முடிகிறது என்று விதிநூல் தன் பாஷையில் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஆனால் இந்த அங்கீகாரம், கருவியால் ஆட்டத்தின் நியாயம் கெடாது என்பதற்குத்தான் சான்று; கருவி பலன் தரும் என்பதற்குச் சான்று அல்ல. விளம்பரத்தில் இந்த இரண்டும் கலந்துவிடும்போது, நடுவர்களின் கையெழுத்தைக் கடன்வாங்கிச் சாட்சி சொன்னதாக ஆகிறது.

மிகக் கடினமான ஆள் இனிதான் வருகிறார்: மனமார நம்பிச் சொல்லி, தவறாகச் சொல்லிவிடும் கண்டுபிடிப்பாளர். ‘கிக்’ என்று ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொள்ளும் ஒன்று உண்டு. பந்தும் பந்தும் மோதும் புள்ளியில் ஒரு துளி சாக்தூள் சிக்கினாலே போதும், பந்து லேசாகத் துள்ளி, குறி பிசகிவிடும். இதைக் குறைப்பதாகச் சொல்லி ஃபின்லாந்தின் டாவோம் நிறுவனம் ஒரு சாக்கைக் கொண்டுவந்தது. முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் அதற்கு மாறினார்கள். அந்தச் சாக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இங்கே முயலவில்லை. கேள்வி பொதுவானது: அரிதாக நிகழும் ஒரு கெடுதல் குறைந்துவிட்டது என்பதை வாங்கியவன் எப்படி அறிவான்? ஒரு மாலையில் கிக் வராவிட்டால் அது சாக்கின் குணமா, தற்செயலா என்று அவனால் பிரிக்க முடியாது. கண்டுபிடித்தவனுக்கும் அதே இருட்டுதான், அவன் எண்ணி எண்ணிச் சோதிக்காதவரை. இந்த இடத்தில் நல்ல மனம் கைகொடுக்காது. வாத்ஸ்யாயனரின் இலக்கணத்தில் சொல்லும் விருப்பம் இரண்டாவதாக நிற்கிறது, அறிந்திருத்தல் முதலில் நிற்கிறது. சோதிக்காமல் மனமார நம்பியவனுக்குப் பொய்யன் என்ற பட்டம் பொருந்தாது. ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறும் தகுதியும் அவனுக்கு இல்லை. அவன் சொல்லக்கூடியது, “எனக்கு இப்படித் தோன்றுகிறது, இன்னும் உறுதியில்லை” என்பதுதான்.

அப்படிச் சொன்னால் ஒரு பெட்டிகூட விற்காது என்பார்கள். குறை தெரிந்தும் விற்ற கதை ஒன்று உண்டு. லண்டனில் மேஜை செய்த ஜான் தர்ஸ்டன் 1835-இல் மேஜையின் உள்விளிம்புக்கான ரப்பர் குஷன்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, பந்து அதுவரை காணாத வேகத்தில் திரும்பியது. குளிர் வந்ததும் அதே ரப்பர் கட்டையாக இறுகிப்போனது. ஆடத் தொடங்குமுன் குஷன்களைச் சூடுபடுத்துவதற்கென்றே வெந்நீர் ஊற்றும் நீண்ட தகரப் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. குளிர்காலம் முழுக்க அந்தப் பெட்டி மேஜையோரத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடக்கும். சரக்கின் குறையை அதைவிட வெளிப்படையாக எந்த விளம்பரமும் சொல்ல முடியாது. கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்த ரப்பர் 1845 வாக்கில் வந்து அந்தக் குறை தீரும்வரை, வெந்நீர் வைத்துக்கொண்டே ஆடினார்கள். அவருடைய நிறுவனம் அந்தக் குறையால் மூடிவிடவில்லை. அடுத்து வந்த குஷன்களை விக்டோரியா ராணியின் அரண்மனைக்கே கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது.